எக்கனாமிக்ஸ் சொல்லித்தர்ற ரங்கூன் வாத்தியார்மாருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம பிள்ளைங்களுக்கு எக்கனாமிக்ஸ் டியூஷன் எடுக்குற அய்யாமார், டீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பயின்நாங் மார்க்கெட்ல ஒரு பருப்பு புரோக்கர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன். டிகிரி முடிச்சிட்டு வர்ற பசங்க எந்த நாடு எத செஞ்சு வித்தா லாபம்னு சொன்ன ரிக்கார்டோ, அவரோட போர்ச்சுகல் வைன், இங்கிலாந்து துணி உதாரணம்னு கடகடனு ஒப்பிக்கிறாங்க, நல்லாத்தான் படிச்சிருக்காங்க, ஆனா ஆயிரம் டாலர் உளுந்து ஏத்துனா கைக்கு எத்தன கியாட் (நம்ம பர்மா காசு) வரும்னு கேட்டா முழிக்கிறாங்க. ஏன்னா புக்ல தேவை, சப்ளைனு ரெண்டு கோடு வெட்டுற எடத்துல ஒரே ஒரு ரேட்டுதான் இருக்கு. இங்க அப்படியா?

2022 ஆகஸ்ட்ல சென்ட்ரல் பேங்க் டாலருக்கு 2100 கியாட்னு வச்சுது, ஏத்துமதில வர்ற டாலர்ல 65 சதவீதத்த அந்த ரேட்டுலதான் மாத்தணும்னும் சொல்லிச்சு. வெளி மார்க்கெட் ரேட்டு 3000னு வச்சுக்குங்க. 650 டாலருக்கு 13,65,000, மிச்சம் 350க்கு 10,50,000, ஆக மொத்தம் 24,15,000. எல்லாத்தையும் வெளில வித்திருந்தா 30 லட்சம். 5,85,000 போச்சு, அதாவது 19.5 சதவீதம், இது எந்த கஸ்டம்ஸ் ஃபாரத்துலயும் இல்லாத ஏத்துமதி வரி. ஏத்துமதி பண்றவரு இத முன்கூட்டியே கழிச்சிட்டுத்தான் வெல சொல்லுவாரு, அதனால கடைசில கட்டுறது வெவசாயி. நீங்க வரி பாடத்த ஒரு மாசம், நாணயமாற்று பாடத்த இன்னொரு மாசம்னு பிரிச்சு நடத்துறீங்க, பசங்க ரெண்டையும் ஒட்டிப் பாக்கவே மாட்டேங்குறாங்க.

இது புதுசும் இல்ல. 2012 ஏப்ரல்ல மாத்துற வரைக்கும் அரசாங்க ரேட்டு டாலருக்கு 6 கியாட் கிட்ட, வெளில 800க்கு மேல! இத விட நல்ல உதாரணம் எந்த நாட்டு புக்ல கெடைக்கும் சொல்லுங்க.

அடுத்து அந்த 'சின்ன நாடு உலக வெலய அப்படியே ஏத்துக்கும்'ங்குற பாடம். உளுந்து இங்க உள்ளூர்ல அவ்வளவா ஓடாது, பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான், ஆக உலக வெலனு தனியா ஒண்ணு கெடையாது, ஒரே வாடிக்கையாளர்தான். அவங்க ஊர்ல வெளச்சல் கொட்டி வெல சரிஞ்சதும் 2017 ஆகஸ்ட்ல வருஷத்துக்கு துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேத்து 3 லட்சம் டன்னுதான் உள்ள விடுவோம்னு கோட்டா போட்டாங்க, இங்க வெல படுத்துருச்சு. வரின்னா வெலய கொறச்சாவது தள்ளி விடலாம், கோட்டா முடிஞ்சா சும்மா குடுத்தாலும் உள்ள போகாது. இந்த வித்தியாசம் புக் படத்துல நட்டத்த காட்டுற ஒரு சின்ன முக்கோணமா தெரியுது, குடோன்ல மூட்டையா தெரியும். அப்பறம் 2021ல அஞ்சு வருஷத்துக்கு, வருஷம் உளுந்து ரெண்டரை லட்சம், துவரை ஒரு லட்சம் டன்னு ஒப்பந்தம் வந்துச்சு. 2024ல ரூபா-கியாட் நேரடி பேமென்ட்டும் ஆரம்பிச்சாங்க, அத தனி வகுப்பா வைங்க.

கடன் பாடத்துக்கு, பர்மா வெவசாயிங்களுக்கு வட்டிக்கு பணம் குடுத்த செட்டியாருங்க கதைய வெறும் பெருமையாவோ பழியாவோ சொல்லாம நம்பரோட சொல்லுங்க. முக்கியமான 13 நெல் ஜில்லாவுல அவங்க கைல 1930ல 6 சதவீத நெலம், 1938ல 25. அவங்க கேட்டது பணம், வந்து சேந்தது நெலம், ஏன்னா உலக மந்தத்துல நெல் வெல விழுந்து கடன் அப்படியே நின்னுச்சு. அதுக்கப்பறம் 1948ல நெல தேசியமயச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியாததில்ல.

அடுத்த பரீட்சைல ஒரு கேள்வி மட்டும் சேருங்க அய்யா: 2100 ரேட்டுல டாலர் வாங்குனது பெட்ரோல், பாமாயில் எறக்குமதி பண்றவங்க, மேல சொன்ன அந்த 5,85,000ல எவ்வளவு பெட்ரோல் பங்க்லயும் கடைலயும் வெல கொறஞ்சு சனங்களுக்குப் போச்சு, எவ்வளவு எறக்குமதி பண்றவரு பையில நின்னுச்சு, அத எப்படி கண்டுபுடிப்ப? பத்து மார்க்.