மாதக் கடைசியும் ஐந்தாம் தேதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக் கடைசியில் கை வறண்டு நிற்பவர்களைப் பார்த்தால் 'வரவறிந்து செலவு செய்யத் தெரியாதவர்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. காரைக்குடியில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்த என்னால் அந்தப் பேச்சை ஏற்க முடியவில்லை.

கடல் கடந்து கொண்டுவிற்கப் (வணிகம் செய்யப்) போன நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரின், கடைகளில் பெட்டியடிப் பையனாக (வேலை பழகும் சிறுவனாக) சேர்ந்தவன்கூடப் பேரேடு புரட்டி, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை போடப் பழகிய பிறகே அடுத்தாளாக (கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலை ஆளாக) உயர்ந்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கணக்குத் தெரியாத குறை இங்கே இல்லை. 25ஆம் தேதிக்கு மேல் மளிகைக் கடைக்குப் பிள்ளைகளைப் பற்று நோட்டுடன் அனுப்பும் வீடுகளை நான் அறிவேன். பெரியவர்கள் போனால் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்பார், பிள்ளையிடம் கேட்க அவருக்கு வாய் வராது. (31 நாள் உள்ள மாதத்தில் அந்த ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது மாதச் சம்பளக்காரருக்குத்தான் தெரியும்.) 15ஆம் தேதி வரவாகும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அதற்குள் எரிவாயு உருளைக்கோ பள்ளி வேன் கட்டணத்துக்கோ போய்விடுகிறது.

ஆனால் கடைப் பாக்கிக்குத் தவணை சொல்லலாம், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் கடனுக்குச் சொல்ல முடியாது என்பதால், முன்பு முதல் தேதியோடு தீர்ந்த கலக்கம் இப்போது அதைத் தாண்டியும் நீள்கிறது. அரசு ஊழியர்க்குப் பொதுவாக மாதத்தின் கடைசி வேலை நாளிலேயே சம்பளம் வந்துவிடுகிறது. தனியார் கடைகளிலும் ஆலைகளிலும் அப்படியில்லை. ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் இடங்களில் அடுத்த மாதம் ஏழாம் தேதி வரை சம்பளம் கொடுக்க 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இடம் தந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே ஏழாம் தேதியை வைத்திருக்கிறது. ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் என் மகனுக்குச் சம்பளம் ஏழாம் தேதி, வண்டிக் கடனுக்குத் தவணை ஐந்தாம் தேதி. இருமுறை கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியது. வங்கி ஓர் அபராதமும் கடன் கொடுத்த நிறுவனம் ஓர் அபராதமும் பிடித்தன, இரண்டின் மேலும் ஜி.எஸ்.டி. வேறு. இரண்டு நாள் வித்தியாசத்துக்கு இந்தத் தண்டம் எந்த வட்டிக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போதே சம்பளத் தேதியைக் கேட்டு, அதற்குப் பின் வரும் ஒரு நாளைத் தவணை நாளாக வைக்க வேண்டும் என்றும், இடையில் வேலை மாறினால் கட்டணமின்றித் தேதியை மாற்றித் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதி வகுக்க வேண்டுகிறேன். என் மகன் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு, கடன் முடியும் வரை தேதியை மாற்ற இயலாது என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் 19 தவணைகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
காரைக்குடி.