நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: அந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு முதல் பரிசு பெற்ற சிறுகதையை மூன்று முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் கதையும் போட்டியில் இருந்தது. பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் என் கதையின் நடுவில் நான்கு பக்கம் வெறும் வளவளப்பு. அது தேறாததில் எனக்கு வழக்கில்லை. வழக்கு உங்கள் தீர்ப்பின் மீது.

தாயை முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் மகனின் கதை. பழகிய கருதான், அதனாலேயே ஒரு கதை கெட்டுவிடாது. கிளம்பும் அவசரத்தில் தாய் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் மறந்து வைத்துவிடுகிறாள். வாசலில் கார் நிற்கிறது. மகன் கண்ணாடியைப் பார்க்கிறான். நாலு எட்டு வைத்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம். அவன் விளக்கை அணைக்கிறான்.

படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். அது கோபமா, அவசரமா, இனி அவள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணமா? ஆசிரியர் சொல்லவில்லை. கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு பத்திகள் வருகின்றன. மகன் அழுகிறான், திருந்துகிறான், பெற்றோரைப் பேணுவது எப்படி என்று நமக்கும் எடுத்துச் சொல்கிறான்.

உங்கள் பரிசுக் குறிப்பு பாராட்டுவது அந்த இரண்டு பத்திகளைத்தான். 'சமுதாயத்துக்கு அவசியமான செய்தி' என்று ஒரே வரி. கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. செய்திதான் வேண்டும் என்றால் நாளிதழ் இருக்கிறதே, ஐயா!

சிறுகதையின் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிச் செல்ல வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதியது 1842இல். நீங்கள் அறியாததல்ல. நாவல் பத்துப் பக்கம் தடுமாறினாலும் எழுந்து நடந்துவிடும். சிறுகதை விழுவதற்கு இரண்டு பத்தி போதும்.

நான் கேட்பது ஒன்றுதான்: பரிசு பெற்ற கதையில் நீங்கள் கண்டது என்ன என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். 2013இல் கனடாவின் சிறுகதையாசிரியர் ஆலிஸ் மன்றோவுக்கு நோபல் பரிசை அறிவித்தபோது, 'சமகாலச் சிறுகதையின் வல்லுநர்' என்று ஒரே வரியில் காரணம் சொன்னார்கள். வாழ்நாள் உழைப்புக்கு அது போதும். ஒற்றைக் கதைக்குப் பரிசு தருகிறவர்கள் அந்தக் கதைக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மதிப்பெண் பட்டியலில் கருவுக்கு ஒரு கட்டம், நடைக்கு ஒரு கட்டம், சமூக நோக்குக்கு ஒரு கட்டம். சொல்லாமல் விட்டதற்குக் கட்டமே இல்லை. பரிசளிப்பு விழாவில் வாழ்த்துரைக்கு ஆறு பேர். அவர்களில் எத்தனை பேர் கதையைப் படித்திருந்தார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல, விட்டுவிடுகிறேன்.

முடிவு வந்த மறுநாளே என் நண்பர் ஒருவர், அமைதியாக முடிந்திருந்த தம் நல்ல கதையின் கடைசியில் ஓர் அழுகையைச் சேர்த்துவிட்டார். அடுத்த போட்டிக்காம்.

கோபத்தில் ஏதேனும் மிகையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த ஒரு பக்கத்தை அடுத்த அறிவிப்புக்கு முன்பாகவே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழுகையை எடுத்துவிட நண்பருக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பரிசு பெறாத கதை ஒன்றின் ஆசிரியர்