பள்ளிகளுக்கு என்னைக் கூட்டிப்போனவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் வரை எனக்கும் விடுமுறைதான். கிடை ஆடுகளோடு ஊர் ஊராக நடக்கும் ஒரு சிறுமியைப் பற்றி நான் எழுதிய சிறார் நாவல் இந்தக் கல்வியாண்டு முழுக்க என்னையும் ஊர் ஊராக நடக்க வைத்தது. போன இடத்திலெல்லாம் எனக்குத்தான் கைதட்டினார்கள். பயணத்தை நடத்திக்கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மேடைப் பக்கமே வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் அவரவர் செய்த காரியத்தைச் சொல்லி நன்றி சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, நான் வருவதற்கு முன்பே புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய ஆசிரியர்களுக்கு. இது நடக்காத பள்ளிக்கு எழுத்தாளர் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது என் கட்சி. குழந்தைகள் தினம் நெருங்கினால் அழைப்புகள் குவியும். அப்படி ஓர் ஊரில் பந்தல் போட்டு, தட்டி வைத்து, என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். "பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கொடுத்தேன். அப்புறம் பஸ் ஏறிவிட்டேன். புத்தகம் எதைப் பற்றி என்று அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நடந்தது வேறு. ஏழாம் வகுப்பு ஆசிரியை கையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. தினமும் கடைசிப் பாடவேளையில் ஓர் அத்தியாயம் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்காமல் மூடி வைத்துவிட்டார். "முடிவை நீங்களே எழுதுங்க, எழுதினவங்க வரும்போது கேட்டுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். நான் உள்ளே நுழைந்து வணக்கம் சொல்வதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. கதையில் வரும் கிடாயைப் பள்ளிச் செலவுக்காக விற்பதா வேண்டாமா? விற்கச் சொன்ன கட்சி ஜன்னல் ஓரம், கூடாது என்ற கட்சி கதவோரம். ஒரு பெண் எழுந்து, "கிடாயை விக்கிறதுக்குப் பதிலா அவங்க அப்பா குடிக்கிறதை நிறுத்தலாம்ல?" என்றாள். கதையில் அப்பா குடிப்பதாக நான் எழுதவே இல்லை. அவள் அதை எங்கிருந்து எடுத்தாள் என்று ஆசிரியைக்கும் எனக்கும் புரிந்தது. இருவருமே மேலே எதுவும் கேட்கவில்லை. இந்த ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாவலின் பின்னணி தெரியாதவர்களுக்கு: சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு வருவார்கள். இரவில் ஆடுகளை வயலில் அடைப்பார்கள், அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், நிலக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். டெல்டாப் பிள்ளைகளுக்குக் கிடை என்றால் வருஷா வருஷம் வந்துபோகிறவர்கள். ராமநாதபுரத்துக் கமுதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ, கிளம்பிப் போய் மாதக்கணக்கில் திரும்பாத சித்தப்பா. ஒரே அத்தியாயத்தை இரண்டு இடத்திலும் வாசித்தேன். டெல்டாவில், "அந்தப் பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிப்பாங்க?" என்று கேட்டார்கள். கமுதியில் அதை யாரும் கேட்கவில்லை. "மழை பெஞ்சா குட்டிகளை எங்க போடுவாங்கன்னு ஏன் எழுதலை?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கமுதிப் பள்ளித் தலைமை ஆசிரியருக்குத் தனி நன்றி. ஒரு பையன் தன் தாத்தா ஆட்டுக்குத் தழை இழுக்கும் நீளமான தொரட்டிக் கம்பை வகுப்புக்குள் கொண்டுவர அனுமதி கேட்டபோது, கொக்கியில் சாக்கைச் சுற்றிக் கட்டச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். மேல் விட்டத்தில் இடிக்காமல் அதை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதற்கே நாலு பேர் தேவைப்பட்டது. வெளியே நின்ற வேம்பில் கிளையை ஒடிக்காமல், இலை மட்டும் விழுகிற மாதிரி எப்படி வளைத்து இழுப்பது என்று அவன் காட்டினான். எழுத்தாளர் சந்திப்பு என்று எழுதிய கரும்பலகைக்கு முன்னால் யாருமே இல்லை. எல்லாரும் வேப்பமரத்தடியில். நானும்தான், நோட்டும் பேனாவுமாக.

ஓவியருக்கு நன்றி. "ஆடுன்னா ஆடு, வரைஞ்சு தர்றேன்" என்று இருந்திருக்கலாம். விளாத்திகுளம் பக்கம் போய் வேம்பூர் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். வெள்ளை உடம்பில் செம்பட்டைத் திட்டு, தொங்கும் காது. அட்டையைக் காட்டியதுமே அந்தப் பக்கத்துப் பிள்ளைகள், "ஏ, பொட்டு ஆடு!" என்றார்கள். நான் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

ஊர்ப்புற நூலகர் அக்காவுக்கும் நன்றி. தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரியில்தான் நூலகங்கள் ஓடுகின்றன. சட்டமும் வரியும் இருந்தாலும் புத்தகம் தானாக நடந்து பள்ளிக்குப் போகாது. சுற்றுவட்ட நூலகங்களில் கிடந்த என் நாவலின் பிரதிகளைத் திரட்டி, மொபெட்டில் கட்டி, மூன்று பள்ளிகளுக்குச் சுழற்சியில் கொடுத்தவர் இவர். 2023-இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நாலு நிலைப் புத்தகங்களை முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சின்னப் புத்தகத்திலிருந்து நாவலுக்கு ஏறுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். அக்கா கொடுத்தார்.

அலுவலகத்தில் எனக்காகச் சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொண்ட நண்பருக்கு நன்றி. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார், குழந்தை எழுத்தாளர் சங்கமும் நடத்தினார் என்று ஒவ்வொரு முறை விடுப்புக் கேட்கும்போதும் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. நண்பர்தான் கைகொடுத்தார்.

சத்துணவுக் கூடத்தில் "டீச்சருக்குப் போடுற மாதிரி தனியா தட்டுல போட மாட்டேன், வரிசைல வாங்க" என்று சொல்லி என்னைப் பிள்ளைகளோடு உட்கார வைத்த அக்காவுக்கு நன்றி. அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் நான் கேட்ட பேச்சு அடுத்த நாவலில் வரும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் எழுத்தாளருக்குக் கொடுக்கப் பணம் ஒதுக்கீடு கிடையாது. பஸ் செலவை ஆசிரியர்கள் தங்களுக்குள் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றாலும் பையில் திணித்துவிடுகிறார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு பிரதி வாங்கி வகுப்பில் வைத்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம். பொன்னாடையும் தயவுசெய்து வேண்டாம். வந்தவற்றை அம்மா தலையணை உறையாகத் தைத்துவிட்டார். ஜரிகை கன்னத்தில் குத்துகிறது.

கடைசியாகக் கடிதம் எழுதிய பிள்ளைகளுக்கு. எல்லாக் கடிதமும் வந்து சேர்ந்தது, பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது அனுப்பினால் பூட்டிய பள்ளிக்குத்தான் போகும் என்பதால், வகுப்புவாரியாகக் கட்டி ஜூனில் உங்கள் ஆசிரியர் பெயருக்கு அனுப்புகிறேன். ஏழாம் வகுப்புக்காரர்கள் எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் எழுதாமல் கிடாயின் படம் மட்டும் வரைந்து அனுப்பியவர் யார் என்று தெரியவில்லை. அவருக்கான பதில் மன்னார்குடிக் கடிதக் கட்டுக்குள் தனி உறையில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கிடைக் கதைக்காரி