ஊதும் சோதனைக்குப் போய் வா

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஞாயிறன்று பேசும்போது மாடி ஏறி வந்ததால் மூச்சு வாங்குகிறது என்றாய். பத்து நிமிடம் கழித்தும் ஒரு வாக்கியத்தை முடிக்க நீ இருமுறை நிறுத்தியதை நான் கவனித்தேன். மலர் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி ஓடியவன் நீ.

இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்கிறாய். வேலூரில் டாக்டரம்மா சொன்னதை நினைத்துப் பார். மலரிடமிருந்து எடுத்து உனக்கு மாற்றிய, இரத்தத்தை உருவாக்கும் அணுக்கள் நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்களை அந்நியமாகக் கருதித் தாக்கி, அவை தழும்பேறிச் சுருங்கத் தொடங்கும்போது, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலே போகலாம். குழாயில் ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவுதான் முன்னதாகக் குறையும். தழும்பேறியது திரும்பத் திறக்காது, மிஞ்சியிருப்பதை மருந்தால் காக்கலாம் என்றார். 3 மாதத்துக்கு ஒருமுறை ஊதச் சொன்னது அதற்காகத்தான். நீ கடைசியாக ஊதியது மாசியில், இப்போது தை. இரத்தப் பரிசோதனை அதற்கு ஈடாகாது.

சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் வேலைக்குத் திரும்பினாய் என்று ஊரில் சொல்லாத ஆளில்லை. அந்தப் பிடிவாதத்தையே இதிலும் காட்டுகிறாயே என்பதுதான் வருத்தம். பால்கனியில் புறா எச்சத்தை நீயே கூட்டாதே. பக்கத்தில் கட்டடம் இடிக்கும் தூசியில் முகக்கவசமின்றி நடக்காதே. பூஞ்சைத் தொற்று உனக்குச் சிறிய விஷயமல்ல. எல்லாவற்றுக்கும் முன் ஊதும் சோதனைக்குப் போய் வா.

உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. வைகாசியில் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடச் சொன்னவன் நானே. கல்யாண வேலை என்று காரணம் சொன்னேன். உண்மையில், மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த நேரத்தில் நீ வேலூர் போனால், எதற்கு என்று கேட்பார்கள், நோயின் பெயர் வெளியே வரும் என்று பயந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றாய். அன்று தவறிய முறைதான் பிறகு பழக்கமாயிற்று.

வெள்ளி இரவு ரயிலில் புறப்படுகிறேன். பழைய அறிக்கைகள் என்னிடம் இருக்கின்றன. மலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் அணுக்கள்தாம் காரணமோ என்று அவள் கேட்டால் என்னிடம் பதிலில்லை.

இப்படிக்கு,
அப்பா