பூங்காவில் ஒரு மூலையைச் சருகுக்கு ஒதுக்குங்கள்

எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மாசி பிறந்தால் நம் தெரு வேம்புகள் இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். பெருக்கிக் குவித்ததைப் பூங்காவை ஒட்டிய காலி மனையில் கொளுத்துகிறார்கள். இழுப்பு உள்ள பெரியவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. தூய்மைப் பணியாளர்களைக் குறை சொல்லவில்லை. வண்டியில் சருகுக்கு இடமில்லை, நமக்கோ வாசல் சுத்தமாக இருக்க வேண்டும். அவர்கள் என்னதான் செய்வார்கள்?

இதற்கிடையே, பூங்காவில் வைத்த உரத்தொட்டி நாறுகிறது, புழு நெளிகிறது, மூடிவிடலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. மூட வேண்டாம். அதில் சோறும் காய்கறித் தோலும் மட்டுமே விழுகின்றன. எல்லாம் ஈரம், காற்றுப் புக வழியில்லை, அழுகத்தானே செய்யும்? தழைச்சத்தை (நைட்ரஜனை) போல 25, 30 மடங்கு கரிச்சத்து (கார்பன்) இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். சமையலறைக் கழிவில் கரிச்சத்து போதாது, சருகில் தாராளம். ஒரு கூடை கழிவுக்கு இரண்டு கூடை சருகு போட்டு மூடிப் பாருங்கள், நாற்றம் அடங்கும். அந்தச் சருகைத்தான் பக்கத்து மனையில் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

மோட்டார் அறைக்குப் பின்னால் கம்பிவலையில் இரண்டு கூண்டு போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையக் கூடாது. சின்னக் குவியலில் சூடு நிற்காது. சருகை மிதித்து நிரப்பி, சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் பதம். சென்னை வெயிலில் மேல்பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் நனைத்த கோணி போட்டு மூடுவது நல்லது. அவ்வப்போது கிளறிவிட்டால் நான்கைந்து மாதத்தில் உரம் ஆகிவிடும். தென்னை மட்டை மட்டும் வேண்டாம், லேசில் மக்காது.

வாரத்தில் ஒரு நாள், புதன் என்று வைத்துக்கொள்வோம், வீட்டுச் சருகைப் பழைய அரிசிச் சாக்கில் கட்டி வாசலில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அதைச் சேகரித்துக் கிளறும் தோட்டக்காரருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓசியில் வேலை வாங்கும் பழக்கத்தை இதிலாவது விட்டுவிடுவோம்.

அனுமதி கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். தோட்டக் கழிவைத் தனியே வைக்க வேண்டும், பொது இடத்தில் குப்பையை எரிக்கக் கூடாது, பூங்காக் கழிவை முடிந்தவரை பூங்காவிலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. வார்டு அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

கம்பிவலைச் செலவை எங்கள் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும் ஞாயிறு கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் குறுக்குத் தெருவாசி