ஓடும்போது நின்றுபோகும் வண்டி பற்றி சேவியருக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்த இரண்டு வரி போக, மீதி முழுவதும் வண்டியைத் திட்டியே எழுதியிருக்கிறாய். மரகதம் வாங்கிப் படித்துவிட்டு, "ஸ்டெல்லா அக்காவின் மூட்டுவலி பற்றி ஒரு வார்த்தை இல்லை, வண்டிக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்" என்றாள். அடுத்த கடிதத்தில் அதையும் எழுது. இங்கே எல்லோரும் நலம். பட்டறையை இப்போது சின்னவன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் உட்கார்ந்து, அவன் செய்கிற வேலையில் குறை சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறேன். அவனுக்கும் அதுதான் வசதி போலிருக்கிறது.

இனி வண்டிக்கு வருகிறேன். நீ எழுதியதில் எனக்குப் பயன்பட்டவை சில வரிகள்தான். தூத்துக்குடியிலிருந்து மதுரை போகும்போது எட்டயபுரம் தாண்டி, சாவியைத் திருப்பி அணைத்ததுபோல இன்ஜின் நின்றது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தாய், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அதுபோக, மழைநாள் காலையில் கதவுக் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்குகளும் சேர்ந்து துடிக்கின்றன. யார் எதை மாற்றினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பதெல்லாம் உன் வயிற்றெரிச்சல். நியாயமான எரிச்சல்தான், ஆனால் அதிலிருந்து பழுதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஒன்று. டீசல் பம்பையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களையும் கழற்றி சர்வீஸ் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன பட்டறைக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. டீசல் போகாமல் நிற்கும் இன்ஜின் அப்படி நிற்காது. ஃபில்டர் அடைத்திருந்தாலும், குழாயில் காற்று ஏறியிருந்தாலும், டேங்குக்குள் இருக்கும் வலையில் குப்பை ஒட்டியிருந்தாலும் முதலில் இழுவை குறையும். ஏற்றத்தில் திணறும், ஒன்றிரண்டு முறை குலுங்கும், பிறகுதான் அடங்கும். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் வெகுநேரம் சுற்ற வேண்டியிருக்கும். பம்புக்குப் போகும் குழாய் ஒளி ஊடுருவும் ரகமாக இருந்தால் அதில் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உன் வண்டியோ ஒரே வெட்டாக நின்று, பிறகு தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. நிறுத்தியது டீசல் இல்லை, மின்சாரம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீர் வடிகிறதா என்று பார், அது செலவில்லாத வேலை. அதற்கு மேல் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

டீசல் இன்ஜினுக்கு எதற்கு மின்சாரம் என்று கேட்டிருக்கிறாய். திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் நாம் படித்த டீசல் இன்ஜின் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பாட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாலும் லாரி ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்துவதற்குத்தான் கம்பியை இழுக்க வேண்டும். பிறகு வந்த ரோட்டரி பம்புகளில் மின்சாரம் போனால் டீசல் வழியை அடைக்கும் சாலினாய்டு என்ற மின் வால்வு ஒன்று சேர்ந்தது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 என்ற காரில் காமன் ரெயில் முறை, அதாவது எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தித் தேக்கிவைக்கும் முறை வந்ததும் கணக்கே மாறிவிட்டது. ஃபியட்காரர்கள் உருவாக்கியதை பாஷ் நிறுவனம் வாங்கித் தயாரிப்புக்குக் கொண்டுவந்த முறை அது. அப்போதே ரெயிலில் 1350 பார் அழுத்தம். டயரில் நீ அடிக்கும் காற்று சுமார் 2 பார்தான் என்பதை நினைத்துக்கொள். அந்த அழுத்தத்தை எவ்வளவு வைக்க வேண்டும், எந்த நாசிலை எந்த நொடிக்கூறில் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஈ.சி.யு. என்ற கணினிப் பெட்டி. அதற்கு வரும் மின்சாரமோ, ஒரு முக்கிய சென்சாரின் தகவலோ கண்ணிமைக்கும் நேரம் தவறினாலும் அது நாசிலைத் திறக்காது. இன்ஜின் அங்கேயே நின்றுவிடும்.

அந்த முக்கிய சென்சார்தான் உனக்கு ஏற்கெனவே மாற்றிக் கொடுத்த கிராங்க் சென்சார். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்வது அதன் வேலை. பல இன்ஜின்களில் 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் 2 பல் இல்லாமல் விட்டிருப்பார்கள், அந்த இடைவெளிதான் அடையாளம். இரண்டு ஒயர் வரும் ரகத்துக்குள் மயிரிழைக் கம்பிச்சுருள் இருக்கும். சூடேறி விரியும்போது உள்ளே விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடக் கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது, எனவே அவர்கள் அதைச் சந்தேகித்ததில் தவறில்லை. ஆனால் புது சென்சார் போட்ட பிறகும் நிற்கிறதென்றால் இரண்டு வாய்ப்புகள். போட்டது போலிச் சரக்கு, அல்லது கோளாறு சென்சாரில் இல்லாமல் அதன் கனெக்டரிலோ ஒயரிலோ இருக்கிறது. நான் இரண்டாவதன் மேல் பணம் கட்டுவேன். கனெக்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பின்கள் விரிந்து தளர்ந்திருக்கின்றனவா, எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, அந்த ஒயரை விரல் இடுக்கில் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே வரட்டும். சென்சார் மேல் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டிப் பார்க்கலாம். ஒயரில் குண்டூசி குத்தி டெஸ்ட் லேம்ப் வைக்க மட்டும் விடாதே. அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி அடுத்த வருடம் புதுக் கோளாறு கிளம்பும்.

இதில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பட்டறையில் மாட்டிப் பழுதைப் படிக்கும் எந்த ஸ்கேனரும் அதைச் செய்யாது. அடுத்த முறை நிற்கும்போது வண்டி கியரில் இருந்தால் உடனே கிளட்சை மிதிக்காமல் ஆர்.பி.எம். முள்ளைப் பார். நாசில் திறக்காவிட்டாலும் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் கிராங்க் சென்சார் பேசிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால், சென்சாரின் தகவல் அறுந்திருக்கிறது அல்லது ஈ.சி.யு.வே செத்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று அறிய, ஓரமாக நின்றபின் சாவியை அணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் ஆன் மட்டும் செய். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? எரிந்தால் ஈ.சி.யு. விழித்திருக்கிறது. எரியவில்லையென்றால் அதற்கு மின்சாரமே வரவில்லை. ஈ.சி.யு.வுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மெயின் ரிலே, அதற்கான ஃப்யூஸ், சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்ச், ஈ.சி.யு.வின் எர்த் (கரண்ட் பாட்டரிக்குத் திரும்பும் வழி) ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். ரிலேயின் உள்ளே பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தால் சூட்டில்தான் பிரியும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினாலே சில ரிலேக்கள் உண்மையைக் கக்கிவிடும். உன் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, மாதா படம் எல்லாம் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கனம் வருடக்கணக்கில் ஆடி ஆடி சுவிட்ச் தேய்ந்திருக்கக்கூடும். வண்டிச் சாவியைத் தனியே பிரித்துவிடு, ஸ்டெல்லாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

மழைநாள் தொல்லை வேறு நோய் என்றுதான் நினைக்கிறேன். இண்டிகேட்டரோடு மீட்டர் விளக்கு துடித்தால் எர்த் போதவில்லை என்று அர்த்தம். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் வேறொரு விளக்கின் வழியே சுற்றிப் போகிறது. உங்கள் ஊர் உப்புக்காற்றில் இதைத் தேடி அலையவே வேண்டாம். பாட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த எர்த் கேபிள்களைக் கழற்றினால் செம்பில் களிம்பு ஏறிப் பச்சையாக இருக்கும். வெளியே பளபளத்தாலும் உறைக்குள் உள்ளே இற்றிருக்கும். மின்தடையை ஓமில் அளந்து பார்த்தால் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் பிழைத்திருக்கும் ஒரே ஒரு இழை போதும் மீட்டரை ஏமாற்ற. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும், மறுமுனையைப் பாட்டரியின் நெகட்டிவ் தண்டிலும் வை. மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்காதே, தண்டிலேயே வை. யாராவது செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் கேபிள் போய்விட்டது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டுவிட்டு பாடிக்கும் அதே தண்டுக்கும் அள. கையோடு பாட்டரியையும் பார்த்துவிடு. இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எண்களை எனக்கு எழுது, நல்லது கெட்டதை நான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு உன் மருமகன் போட்டுக்கொடுத்த ஸ்டீரியோவையும் பின்பக்கக் கேமராவையும் பற்றி நீ எழுதவில்லை. தூண்டாமல் நானாகக் கேட்கிறேன், மனம் நோகாதே. அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்தார்கள்? பெரும்பாலும் இக்னிஷன் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார், கறுப்பு டேப் பிசுபிசுத்துத் தொங்கினால் விசாரணையை அங்கேயே தொடங்கலாம். பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை இருக்கிறதா என்றும் பார். மழைக்காலத்தில் எலிக்கு இன்ஜின் அறையைவிட வசதியான இடம் கிடையாது. புகையிலை வைத்தால் வராது என்பார்கள். புது வாசனை இருக்கும்வரை வராது, அவ்வளவுதான். தினமும் வண்டியை எடுப்பதுதான் நல்ல மருந்து.

இங்கே ஒரு வண்டி வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் நிற்கும், அதுவும் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும். எல்லோரும் டேங்கில் டீசல் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு போயும் நின்றது. சின்னவன்தான் கண்டுபிடித்தான். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்ததால், முதல் கியரில் முறுக்கும்போது இன்ஜின் எழும்பி, ஒயர் கட்டு ஒரு தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. உறை தேய்ந்து செம்பு தெரிந்த இடம் தகட்டைத் தொடும்போதெல்லாம் ஃப்யூஸ் போகாத அளவுக்கு ஒரு ஷார்ட். அதற்குமுன் அந்த மனிதர் பம்புக்குச் செலவழித்திருந்த தொகையைக் கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. உன் வண்டி எங்கே, எப்போது, எந்த வேகத்தில், எது போட்டிருக்கும்போது நிற்கிறது என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்கச் சொல்வது இதனால்தான். ஏ.சி. ஓடியதா, ஹெட்லைட் எரிந்ததா, பள்ளத்தில் விழுந்ததா, டேங்கில் எவ்வளவு இருந்தது, எல்லாம் வேண்டும்.

ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடுகளைப் பற்றி: பி0335 கிராங்க் சென்சார் சுற்றைச் சொல்கிறது, சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. சுற்று என்றால் ஒயரும் கனெக்டரும் சேர்ந்ததுதான். யு0100 என்பது வண்டியில் உள்ள மற்ற மின்னணுப் பெட்டிகளுக்கு ஈ.சி.யு.வின் குரல் கேட்கவில்லை என்பது. இந்த இரண்டாவதும் உன் ஸ்கேனர் சீட்டில் இருப்பதால் எனக்கு ரிலே மேலும் எர்த் மேலும் சந்தேகம் கூடுகிறது. ஒரு வில்லங்கம் இருக்கிறது. பல சென்சார்கள் ஈ.சி.யு.விடமிருந்து 5 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஏதோ ஒன்று ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் சரிந்து, குற்றமே செய்யாத சென்சார்களின் பெயரெல்லாம் சீட்டில் வரும். அவற்றை வரிசையாக மாற்றச் சொல்லும் பட்டறையில் நிற்காதே. குறியீடுகளை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள். பழுது பதிவானபோது வண்டியின் வேகம், சூடு ஆகியவற்றையும் பல ஸ்கேனர்கள் எடுத்துக் காட்டும், அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கு.

அதுவரை நான்குவழிச் சாலையில் போகாதே என்றுதான் சொல்வேன். போயே தீர வேண்டுமென்றால் இடது ஓரமாகவே ஓட்டு. நின்றுவிட்டால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காதே. டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இன்ஜின் சுழற்றும் பம்பில்தான் உண்டாகிறது. இன்ஜின் நின்றபின் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், எனவே ஒரே சீராக அழுத்து. ஸ்டீரிங் கனக்கும், பயப்படாதே. வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதே, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும்.

நம் செட்டில் படித்தவர்கள் பேட்டையில் ஒருநாள் கூடலாம் என்று பேச்சு நடக்கிறது. நீ வருவதாக இருந்தால் நானும் வருகிறேன். வரும்போது மக்ரூன் கொண்டுவா. சர்க்கரை இருக்கிறது என்று மரகதம் சொல்வாள், நீ என் கையில் தனியே கொடு.

அன்புடன்,
முருகேசன்

பி.கு.: டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, ஓடுகிற வண்டியில் பாட்டரி டெர்மினலைக் கழற்றும் பழைய வித்தையை யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடு. அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் ஈ.சி.யு.வைக் கொன்றுவிடும். அளக்கத்தான் மீட்டர் இருக்கிறதே.