பெயர் கேட்காமல் விட்ட அண்ணைக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக் கடையில் பொதி கட்டத் தொடங்கினேன். 1981இல் பொது நூலகம் எரிந்தது. பிறகு சென்னை, பாரிஸ், இப்போது டொரொன்டோ. எங்கே போனாலும் இதே தொழில்தான்.

பாரிசில், லா சப்பேலில் கடை திறந்த முதல் மாரி. சென்னையிலிருந்து வந்த பன்னிரண்டு பெட்டிகளை நடைபாதையில் இறக்கிவிட்டு லொறி போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. மெட்ரோவால் இறங்கி வந்த நீங்கள், ஒன்றும் கேளாமல் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிகள் மேல் போர்த்தினீர்கள்.

"நூலகம் எரிஞ்சதைக் கண்ணால பாத்தனான் தம்பி. இது நனையக்கூடாது."

பன்னிரண்டையும் என்னோடு தூக்கினீர்கள். ஒரு அகராதியின் முனை மட்டும் ஈரம். தாள் தாளாகத் துணியால் ஒற்றிக் கொடுத்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

அந்த அகராதியை நான் இன்னும் விற்கவில்லை, அண்ணை. மிக்க நன்றி.